அப்பாவின் விடுகதைகளுக்கு ஒரு பேக்கப்

வெள்ளிக்கிழமை இரவு

சாப்பிட்டு முடித்த நேரத்தில் அப்பா கூப்பிட்டார். "விடுகதை ஃபைலைத் தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாருப்பா." கணினிப் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் சீராகச் சுற்றாமல் நடுநடுவே டக், டக் என்று தட்டியது.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பணி முடிந்த பிறகு பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய், விடுகதை, தாலாட்டு, நடவுப் பாட்டு என்று கேட்டு எழுதி, 15 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்துவருகிறார். சொன்ன ஆச்சிகளில் பலர் இப்போது இல்லை. அந்தச் சேகரிப்பு முழுக்க இந்த ஒரே டிஸ்க்கில். நகல் என்று இருந்தது நான்கு வருடத்துக்கு முன்பு நான் எடுத்துவைத்த ஒரு பென் டிரைவ் மட்டும். அதிலும் ஆவணங்கள்தான் உண்டு, ஒலிப்பதிவுகள் இல்லை.

கணினியில் நடப்பதை எல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூயரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய் டிஸ்க் சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் வடிகட்டினேன். 7 என்ற எண்ணுள்ள பிழை வரிசையாக வந்தது: டிஸ்க்கில் பேட் பிளாக், அதாவது கெட்டுப்போன பகுதி, இருக்கிறது என்பது அதன் பொருள். இடையிடையே 153 என்ற எண்ணும் இருந்தது; படித்தது கிடைக்காமல் மறுபடி முயன்றிருக்கிறது என்று அர்த்தம். பத்து நாளாக இது நடந்துகொண்டிருக்கிறது. திரையில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இந்த இடத்தில் பலரும் உடனே செய்வது, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது. நான் செய்யவில்லை. அதில் ஆர் சுவிட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறி) போட்டால் டிஸ்க் முழுவதையும் ஒவ்வொரு செக்டராக, சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க்கை அப்படி மணிக்கணக்கில் ஓடவிட்டால், கோப்புகளை எடுப்பதற்கு முன்பே அது நின்றுபோகலாம். முதலில் சாமான்களை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம்தான் வீட்டைச் சோதிக்கலாம். கணினியை அணைத்து, காலை வரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை

2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். விண்டோஸில் அது 1.81 டிபி என்றுதான் காட்டும். டிஸ்க் செய்கிறவர்கள் 1000 கணக்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, குறை ஒன்றுமில்லை. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கப் பல முறைகள் உண்டு. எக்ஸ்ஃபாட் முறையில் வந்திருந்ததை என்.டி.எஃப்.எஸ். ஆக ஃபார்மட் செய்தேன். பின்னால் முழு சிஸ்டம் இமேஜ், அதாவது விண்டோஸோடு சேர்த்து டிஸ்க்கின் அச்சுப் பிரதி, எடுக்கும் எண்ணம் இருந்தது, அதற்கு என்.டி.எஃப்.எஸ். வேண்டும். பழைய பென் டிரைவ் ஃபாட்32 என்பதால் அக்கா கல்யாண வீடியோ அதில் ஏறவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

விண்டோஸ் 11-இல் 'விண்டோஸ் பேக்கப்' என்றே ஒரு செயலி இருக்கிறது. அது கோப்புகளை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்கு அனுப்பும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. எங்கள் வீட்டுப் புகைப்படங்கள் மட்டும் 186 ஜிபி. அதனால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

டிஸ்க்கைப் பெட்டியின் பின்பக்கம் நீல நிறத்தில் உள்ள யூ.எஸ்.பி. 3 துளையில் செருகினேன். முன்பக்கத் துளையில் நொடிக்கு 30 எம்பி அளவில் போனது, பின்பக்கத்தில் 90-ஐத் தொட்டது. சாகப்போகிற டிஸ்க்கிடம் வேலை வாங்கும்போது ஒரு மணி நேரம் மிச்சமானாலும் பெரிது.

வரிசையையும் யோசித்து வைத்தேன். வேறு எங்கும் கிடைக்காதது முதலில்: அப்பாவின் ஆவணங்கள், 640 எம்பி. அடுத்து அவர் எடுத்த ஒலிப்பதிவுகள். அதற்கடுத்துப் புகைப்படங்கள். வீடியோக்கள் கடைசி. புரோகிராம்களை எடுக்கவே இல்லை. அவற்றை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

ரோபோகாப்பி

இழுத்துப் போட்டு நகல் எடுத்தால் ஒரு கெட்ட கோப்பு வந்ததும் எல்லாம் நின்று, ஒரு கேள்விப்பெட்டி வந்து உட்கார்ந்துவிடும். அதனால் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளைக்குப் போனேன். அது விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே கூடவே வருகிறது. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் வீட்டுப் பயனாளர்கள் பலர் அதன் பக்கம் போவதில்லை. கொடுப்பது மூன்றே விஷயம்: எங்கிருந்து, எங்கே, எப்படி.

'எப்படி' என்பதில்தான் கவனம் வேண்டும். படிக்க முடியாத கோப்பை அது எத்தனை முறை முயலும் என்பதற்கு ஆர், முயற்சிகளுக்கு நடுவே எத்தனை நொடி காத்திருக்கும் என்பதற்கு டபிள்யூ. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 10 லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு கெட்ட கோப்புக்காக 347 நாள் அங்கேயே நிற்கும். நான் இரண்டுக்கும் 1 என்று கொடுத்தேன். உள் ஃபோல்டர்கள் எல்லாம் வர ஈ. பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜங்ஷன்களில் (வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகள்) மாட்டிச் சுற்றாமல் இருக்க எக்ஸ்.ஜே. அதோடு, புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளைப் போட்டுவைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை விட்டுவிடு என்று எக்ஸ்.டி. சேர்த்தேன். அதற்குள் பெரும்பாலும் பிரவுசர் குப்பைதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இரவில் பதில் கிடைத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கட்டளையை பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை எழுதிவைத்து ஒரே சொடுக்கில் ஓட்டும் கோப்பு) எழுதினால் முதல் வரியில் சி.எச்.சி.பி. 65001 என்று போட்டு, நோட்பேடில் யூ.டி.எஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தாலாட்டு' என்ற ஃபோல்டர் பெயர் உடைந்து, அப்படி ஒரு இடமே இல்லை என்று சொல்லிவிடும். பதிவுக் கோப்புக்கு லாக் என்பதற்குப் பதில் யூனிலாக் என்று கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகப் பதிவாகும். கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், நகல் சரியாகவே போகிறது.

இன்னொன்று பாதையின் நீளம். பாதை சுமார் 260 எழுத்தைத் தாண்டினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் தடுமாறும். தமிழில் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. இப்போது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 12. அப்பா ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது ஊர், சொன்னவர் உறவுமுறை, பாட்டின் முதல் அடி எல்லாம் சேர்த்து வைப்பவர். எக்ஸ்ப்ளோரரில் நகலாகாத அந்த நீளப் பெயர்களை ரோபோகாப்பி ஒரு முனகலும் இல்லாமல் எடுத்துக்கொண்டது.

ஆவணங்கள் சில நிமிடத்தில் வந்துவிட்டன. புகைப்படங்கள் டி டிரைவில் இருந்தன. அந்த டிரைவை அப்படியே ஒரு புது ஃபோல்டருக்குள் எடுக்கச் சொன்னேன். மதியம் மூன்று மணிக்கு முடிந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் அந்த ஃபோல்டரையே காணோம். இடம் மட்டும் நிறைந்திருக்கிறது. கை நடுங்கிவிட்டது. காரணம் இதுதான்: ஒரு டிரைவின் வேரிலிருந்து (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான இடம்) நகலெடுக்கும்போது, அந்த வேருக்கு இருக்கும் 'மறைவு', 'சிஸ்டம்' என்ற இரண்டு குணங்களும் போய்ச் சேரும் ஃபோல்டருக்கு ஒட்டிக்கொள்ளும். அட்ரிப் கட்டளையால் இரண்டையும் நீக்கியதும் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தது. முதலிலேயே ஏ-:எஸ்.எச். சுவிட்ச்சைச் சேர்த்திருந்தால் இந்தப் பதற்றம் வந்திருக்காது.

வராத மூன்று

ஓட்டம் முடிந்ததும் கடைசியில் ஒரு அட்டவணை வரும். அதில் 'ஃபெயில்டு' என்ற பத்தியை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு 11. பதிவுக் கோப்பில் தேடினேன். எல்லாவற்றுக்கும் பிழை எண் 23, அதாவது டிஸ்க்கிலிருந்து படித்த தரவு சரிபார்ப்பில் தேறவில்லை. அரை மணி நேரம் டிஸ்க்கை ஆறவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். ஏற்கெனவே வந்தவற்றை அது தொடாது, விடுபட்டதை மட்டும் எடுக்கும். 8 வந்தன. மூன்றாம் முறையும் ஓட்டினேன். மீதி 3 வரவில்லை.

அதில் இரண்டு புகைப்படங்கள். அக்காவின் போனில் இருந்தன. மூன்றாவது ஒரு ஒலிப்பதிவு. அப்பாவின் பெரியம்மா பாடிய தாலாட்டு, 9 நிமிடம். அதை நான்கு முறை தனியாக எடுக்க முயன்றேன். முடியவில்லை. அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பாட்டை முழுசா எழுதி வச்சிருக்கேன். அது வந்துடுச்சுல்ல?" என்றார். வந்துவிட்டது என்றேன்.

சனிக்கிழமை இரவு

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனின் லேப்டாப்பை வாங்கி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அதில் செருகினேன். எடுத்த கணினியிலேயே திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அங்கே எழுத்துரு, புரோகிராம், அமைப்பு எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் எதுவும் சரியாகவே தெரியும். முன்பின் அறியாத ஒரு கணினியில் திறந்தால்தான் என்ன குறைகிறது என்பது புலப்படும்.

முதலில் தாலாட்டுக் கோப்பைத்தான் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.

அப்பா தட்டச்சுப் பழகியது பாமினி எழுத்துருவில். 2016 வாக்கில்தான் யூனிகோடுக்கு மாறினார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் என்பதே அந்தக் கோப்பில் இல்லை. கோப்பு ஒரு பைட்டும் குறையாமல் வந்திருக்கிறது, ஆனால் யாராலும் படிக்க முடியாது.

எழுத்துரு எங்கே? விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் பார்த்தேன், இல்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி 'இன்ஸ்டால்' என்று கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படும். போய் உட்காரும் இடம் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். காலையில் நானே வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஆப்டேட்டா. பழைய டிஸ்க் இன்னும் மூச்சோடு இருந்ததால் திரும்பப் போய் எடுக்க முடிந்தது. 14 எழுத்துருக் கோப்புகள். அதே ஆப்டேட்டாவில் அப்பா வேர்டில் சேர்த்துவைத்த சொந்தச் சொற்பட்டியல், 'யூப்ரூஃப்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. அவருடைய கடிதத் தாள் வடிவமைப்பு 'டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டரில். மூன்றையும் எடுத்து, ஆவணங்களின் பக்கத்திலேயே 'எழுத்துரு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்தேன். லேப்டாப்பில் பாமினியை நிறுவியதும் தாலாட்டு தமிழில் எழுந்து வந்தது. அப்பா திரைக்கு முன்னால் உட்கார்ந்து கடைசி அடி வரை வாசித்தார்.

பழைய எழுத்துருக் கோப்புகள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். அச்சிடும் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்.' என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கு அச்சுக் கொடுத்தால் உருவாகும் பி.டி.எஃப். கோப்புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். 212 கோப்புகளை அப்பாவும் அக்கா மகனும் அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து அப்படி மாற்றினார்கள். யூனிகோடுக்கு மாற்றும் வேலை தனி. அதில் ஒற்றும் கொம்பும் இடம் மாறும், ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டும். அதுவரை மூலக் கோப்பை அழிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

கோப்புகள் பத்திரமான பிறகு, ஒரு முயற்சி பார்க்கலாம் என்று சிஸ்டம் இமேஜுக்குப் போனேன். கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பழைய பெயரிலேயே அது விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. பாதியில் ஐ.ஓ. டிவைஸ் எரர் (டிஸ்க்கைப் படிப்பதில் பிழை) என்று நின்றது. கெட்ட செக்டர் உள்ள டிஸ்க்கில் எதிர்பார்க்க வேண்டியதுதான். முடிந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது: இமேஜைத் திரும்பப் போட, பழைய டிஸ்க்கின் அளவாவது புது டிஸ்க்குக்கு இருக்க வேண்டும். பழையது 1 டிபி, அதற்குப் பதிலாக நான் வாங்கியிருந்தது, சுற்றும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான 500 ஜிபி எஸ்.எஸ்.டி.

அக்காவின் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸைப் போட்டு, புது எஸ்.எஸ்.டி.யில் நிறுவினேன். மதர்போர்டு அதே என்பதால் உரிமம் தானாக வந்து சேர்ந்தது. அமைப்புகளில் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) இயங்குகிறதா என்று பார்த்தேன், இயங்கியது. அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் வைத்தேன். இந்தச் சாவி இல்லாமல் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் எடுக்க முடியாது.

இந்த முறை டி டிரைவ் பிரிக்கவில்லை. அதற்குக் காரணம் ஃபைல் ஹிஸ்டரி. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் இது, கோப்புகள் மாற மாற அவற்றின் பழைய பிரதிகளைத் தேதியோடு சேர்த்து வைக்கும். முந்தாநாள் தவறாக அழித்த பத்தியைக்கூடத் திரும்ப எடுக்கலாம். ஆனால் அது பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற லைப்ரரிகளை மட்டும். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டால் அதன் கண்ணில் படாது, நாமாக லைப்ரரியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் அந்தந்த இடத்திலேயே வைத்துவிட்டால் மறக்க வழியில்லை. எழுத்துரு ஃபோல்டரும் இப்போது டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கிறது.

புது நிறுவல் சுத்தமாக இருக்கும்போதே, நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் (அதே கறுப்புத் திரை) டபிள்யூ.பி.அட்மின் கட்டளையால் ஒரு முழு இமேஜும் எடுத்தேன். இந்த முறை தடங்கல் இல்லை.

வாரம் ஒரு முறை

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐப்பசி மழையில் இடி இறங்கினால் பெட்டியோடு சேர்ந்து அதுவும் போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். ஞாயிறு காலை செருகுவது, முடிந்ததும் பாதுகாப்பாக எடுத்துப் பீரோவில் வைப்பது. நடுவில் வரும் மாற்றங்களை ஃபைல் ஹிஸ்டரி கணினியிலேயே தற்காலிகமாக வைத்திருந்து, டிஸ்க் வந்ததும் ஏற்றிவிடும்.

அதோடு ஒரு பேட்ச் ஃபைல் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்தேன். ரோபோகாப்பிதான், இந்த முறை எம்.ஐ.ஆர். சுவிட்ச்சோடு. இது இரண்டு பக்கத்தையும் கண்ணாடி போல ஒன்றாக்கும்: மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து அழித்துவிடும். அதனால் முதலில் எல் சுவிட்ச் போட்டு, ஒன்றும் செய்யாமல் என்ன செய்வாய் என்று மட்டும் காட்டச் சொன்னேன். அழிக்கப்போகிறேன் என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. பார்த்தால் அது அக்கா மகனின் பாடக் கோப்புகள். அவன் பென் டிரைவ் முதலில் செருகப்பட்டு ஈ என்ற எழுத்தைப் பிடித்திருக்கிறது. என் கட்டளை அதைப் பேக்கப் டிஸ்க் என்று நினைத்திருக்கிறது. ஒத்திகை பார்க்காமல் ஓட்டியிருந்தால் அவன் ஒரு வருட வேலை போயிருக்கும்.

இரண்டு திருத்தம் செய்தேன். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் பேக்கப் டிஸ்க்குக்கு எக்ஸ் என்ற எழுத்தை நிலையாகக் கொடுத்தேன். அதற்கு மேல், டிஸ்க்கின் உள்ளே அடையாளமாக ஒரு சிறு கோப்பு வைத்தேன். அந்தக் கோப்பு கண்ணில் பட்டால்தான் பேட்ச் ஃபைல் மேலே நகரும். முடிவில் ரோபோகாப்பி திருப்பித் தரும் எண்ணையும் பார்க்கச் சொன்னேன். மற்ற புரோகிராம்களில் 1 என்றால் பிழை. இதில் 1 என்றால் புதிதாகக் கோப்பு நகலாகியிருக்கிறது என்று பொருள். 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. அப்போது மட்டும் திரை சிவப்பாக மாறும்படி செய்தேன். "சிவப்பு வந்தா எனக்குப் போன் பண்ணுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறேன்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடத்துக்காக இன்னொரு 1 டிபி டிஸ்க் வாங்கி, அதே பேட்ச் ஃபைலால் நிரப்பி, அக்கா கோயம்புத்தூர் கிளம்பும்போது கொடுத்தனுப்பினோம். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருவாள், புதுப்பித்துத் திருப்பி அனுப்புவோம். டிஸ்க்கின் மேல் ஒட்ட அப்பா ஒரு சீட்டு எழுதினார்: தேதி, உள்ளே என்ன இருக்கிறது, அதற்குக் கீழே, 'பாமினி உள்ளே இருக்கிறது, முதலில் அதை நிறுவவும்'.